சம்பந்தி வீட்டுக்குப் போன தலை

பெண் பார்க்க வருகிறவர்கள் "பொழுதுபோக்கு இன்னாம்மா?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லும் பெண் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. பாட்டு என்பார்கள், தையல் என்பார்கள், புத்தகம் படிப்பேன் என்பார்கள். (படிப்பது போன்தான்.) நானும் என் பங்குக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு "கோலம் போடுவேன்" என்றேன். எனக்குக் கோலம் வராது. வாழ்க்கையில் நான் போட்ட ஒரே கோலத்தைப் பார்த்துவிட்டு எங்கள் பால்காரர், "மாவு கொட்டிடுச்சாம்மா?" என்று அனுதாபத்தோடு விசாரித்துவிட்டுப் போனார்.

என் உண்மையான பொழுதுபோக்கு, சினிமாவில் வரும் சாமான்களை அச்சு அசலாகச் செய்து விற்பது. ராஜா படத்து வாள், பேய்ப் படத்துக் கோரைப்பல், வில்லனின் வெட்டுப்பட்ட கை, இப்படி. எனக்கு வேலை, பல் செட் செய்யும் ஒரு சின்ன லேபில். பகலெல்லாம் பெரியவர்களுக்குப் பல் செய்துவிட்டு, சாயங்காலம் அதே மெழுகு, அதே பிளாஸ்டரை வைத்துப் பிசாசுகளுக்குப் பல் செய்வேன். போனில் ஒரு பக்கம் தொடங்கிப் படம் போட்டால், எங்கிருந்தோ யாராவது "அக்கா, அந்தக் கை இருக்கா?" என்று கேட்டு வருவார்கள்.

முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு மூலைதான் என் தொழிற்சாலை. நான் வேலை முடிந்து வந்து மெழுகை அடுப்பில் ஏற்றுவதற்கும் கடல்காற்று எழுவதற்கும் சரியாக இருக்கும். அப்பா மில்லில் தறி ஓட்டியவர். மில் மூடிய பிறகு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். ஷிப்ட் முடிந்து, யூனிபார்ம் சட்டையைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு வந்துவிடுவார். வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டே, "வாளு கைப்பிடி பெருசா இருக்குது பாரு, இத்தப் புடிச்சி எவன் சண்ட போடுவான்?" என்பார். சொன்னால் சரியாகத்தான் இருக்கும். உருகின மெழுகு வாசனை எங்கே வந்தாலும் இன்றைக்கும் எனக்கு அந்த மாடியும், அந்தக் காற்றும், அப்பா ஊதித் தள்ளிய கடலைத் தோலும்தான் ஞாபகம் வருகின்றன.

அம்மாவுக்குத்தான் வயிற்றெரிச்சல். "பொண்ணு ஊட்ல கை காலு செஞ்சி விக்கிறான்னு தெரிஞ்சா எவன்டி கட்டுவான்?" என்பாள். அதனால்தான் அந்தக் கோலப் பொய். பொய் பலித்தது. முத்தியால்பேட்டை மாப்பிள்ளை குமரனுக்கு என்னைப் பிடித்துப்போனது. எனக்கும் அவரை... (சரி, பிடித்தது. அன்றைக்குக் கொடுத்த கேசரியில் பாதியை வைத்துவிட்டு, "உங்களுக்கு இருக்குதா?" என்று கேட்ட ஒரே மாப்பிள்ளை அவர்.) அடுத்த வாரம் தாம்பூலம் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

இந்த நேரத்தில்தான் எனக்கு வாழ்க்கையிலேயே பெரிய ஆர்டர் வந்தது. அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரு ராஜா படத்தில், கடைசிக் காட்சியில் கதாநாயகன் வில்லனின் தலையைத் தாம்பாளத்தில் வைத்துச் சபைக்குக் கொண்டுவருவான். படத்தின் ஐம்பதாவது நாளுக்கு, ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு முன்னால் அதையே மேடையில் செய்துகாட்ட வேண்டும் என்று ரசிகர் மன்றத்துக்கு ஆசை. செயலாளர் முருகன் அண்ணன் வந்து, "தலை தத்ரூபமா இருக்கணும் தங்கச்சி. பாத்தவன் மயக்கம் போட்டு வுழணும்" என்றார்.

தலை செய்ய முகம் வேண்டும். வில்லன் நடிகரைக் கூப்பிட்டு முதலியார்பேட்டை மாடியில் உட்காரவைக்க முடியுமா? வீட்டில் கிடைத்த முகம் அப்பாவுடையது. பல் அச்சு எடுக்கும் மாவை வாளி நிறையக் கரைத்து, அவர் மூக்குத் துளைகளில் கூல்டிரிங்க்ஸ் குழாய் இரண்டைச் செருகி, முகம் முழுக்க அப்பினேன். வாயைத் திறக்காமலேயே ஒரு மனிதரால் திட்ட முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அச்சைப் பிரித்தபோது புருவத்தில் கொஞ்சம் அதோடு வந்துவிட்டது. "பரவால்ல வுடு, முளச்சிடும்" என்றார் அப்பா.

அந்த அச்சில் மெழுகை ஊற்றி, பின்னால் மண்டை சேர்த்து, முடியும் தடித்த மீசையும் ஒட்டி, நெற்றியில் ஒரு வெட்டு, வாயில் ஒரு தங்கப்பல், கழுத்தில் தேவையான அளவுக்கு ரத்தம். செய்துமுடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். அச்சு அசல் அந்த வில்லன். அப்பாவின் சாயல் துளிகூட இல்லை என்று சத்தியம் செய்திருப்பேன். (கலைஞர்களுக்கு இப்படி ஒரு குருட்டுத்தனம் உண்டு. நான் என்னைக் கலைஞர் என்றே நம்பிக்கொண்டிருந்த காலம் அது.)

மே மாத வெயிலில் மெழுகுத் தலை என்ன ஆகும்? தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் எடுக்கும் என் மாமாவிடம் ஒரு தெர்மாகோல் பெட்டி கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஐஸ் நிரப்பி இரண்டு பெட்டியாகக் கொண்டுவந்து இறக்கினார். ஒன்றில் வெறும் ஐஸ், எனக்கு. இன்னொன்றில் வஞ்சிரம், சம்பந்தி வீட்டுக்கு. "மாப்ள ஊட்ல மீனுன்னா உயிராமே. நம்ம மரியாதைய காட்ட வேணாமா?" என்று சொல்லிவிட்டு, ஏலத்துக்கு நேரமாகிறதென்று கிளம்பிவிட்டார்.

தலையைப் பெட்டியில் வைத்து மூடினேன். இரண்டும் ஒரே அளவு, ஒரே டேப். குழம்பக் கூடாதே என்று ஒன்றின் மேல் 'தலை' என்றும் இன்னொன்றின் மேல் 'மீன்' என்றும் எழுதி ஒட்டினேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால், ஐஸ் வேர்த்து இரண்டு சீட்டும் நனைந்து கீழே விழுந்து கிடக்கின்றன. திறந்து பார்க்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். ஆனால் நான் யார்? மெழுகைக் கையில் பிடித்தே எடை சொல்கிறவள். இரண்டு பெட்டியையும் தூக்கிப் பார்த்தேன். கனமானதுதான் தலை என்று தீர்ப்பளித்தேன். மாமா மரியாதையைக் காட்டுவதற்காக, நான் நினைத்ததைவிட இரண்டு பங்கு பெரிய மீனாக வாங்கியிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

லேசான பெட்டியை எங்கள் தெரு ஆட்டோக்காரர் செல்வத்திடம் கொடுத்து, "அப்பா குடுத்ததுன்னு சொல்லுங்கண்ணா" என்று சொல்லி முத்தியால்பேட்டைக்கு அனுப்பினேன். கனமானதை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு தியேட்டருக்குப் போனேன்.

"மேடையில வெக்கிற வரைக்கும் யாரும் தொறக்கக் கூடாது. சூடு பட்டா உருகிடும்" என்று மன்றத்தாரை மிரட்டிவைத்தேன். திரைக்கு முன்னால் தாம்பாளம், சிவப்புப் பட்டு, மேளம். மன்றத்தில் இருந்தவர்களிலேயே உயரமானவருக்குக் கதாநாயகன் வேஷம். பெட்டியும் மேடைக்கு வந்தது. முருகன் அண்ணன் மைக்கில், "துரோகியின் கதியைப் பாருங்கள்!" என்று முழங்கினார். கதாநாயகன் ஐஸுக்குள் கையை விட்டு, மயிரைப் பிடித்துத் தூக்குகிற தோரணையில் வாலைப் பிடித்துத் தூக்கினார்.

வஞ்சிரம் பளபளவென்று விளக்கொளியில் தொங்கியது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:

"அண்ணே, அதுக்குள்ள மறுபிறவி எடுத்துட்டாரு டோய்!"

விசில் கூரையைப் பிய்த்தது. முருகன் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில், தாம்பாளத்தில் வைக்க வேறு ஒரு தலையைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்று தெரிந்தது. ஆனால் எனக்கு அவரைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. மீன் இங்கே இருக்கிறது. அப்படியென்றால் தலை?

போனை எடுத்தேன். அம்மா ஏற்கெனவே ஆறு தடவை கூப்பிட்டிருந்தாள்.

"எங்கடி போய்த் தொலஞ்ச? மாப்ள ஊட்லேருந்து போன் பண்ணி அப்பா எங்கன்னு கேக்குறாங்க. காலையிலயே வெளிய போனாரு, போனையும் வெச்சிட்டுப் போயிட்டாரு, இன்னும் வரலன்னேன். அந்தம்மா ஓன்னு அழுவுது. 'தைரியமா இரு, நாங்க இருக்கோம்'னு சொல்லுது. எனக்கு ஒண்ணும் புரியலடி!"

எனக்குப் புரிந்தது. மயிர்க்கால் முதல் புரிந்தது. உலகத்துக்கே வில்லனாகத் தெரியும் என்று நான் நினைத்த அந்த முகம், ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் சம்பந்தியாகத் தெரிந்திருக்கிறது. அதுவும் "அப்பா குடுத்தது" என்ற சேதியோடு போயிருக்கிறது.

தேடிப் போனால் அப்பா சலூனில் இருந்தார். ஒரு கன்னம் வழித்தாகிவிட்டது, மறு கன்னத்தில் நுரை. "அப்பா, ஏறுங்க!" என்றேன்.

"இரும்மா, பாதிதான் ஆயிருக்குது."

"பாதி போதும், ஏறுங்க!"

கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணியோடு ஏறினார். வழியெல்லாம் "இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "மீன்ல சின்னக் குழப்பம்" என்பதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் தெருவே நின்றது. உள்ளே கூடத்தில், சாப்பாட்டு மேஜைமேல், தட்டில் அப்பாவின் தலை. பக்கத்தில் ஒரு விளக்கும் ஏற்றியிருந்தார்கள். குமரனின் அம்மா சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். குமரனின் அப்பா பிரெஞ்சுப் பள்ளியில் படித்து கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். பதற்றம் வந்தால் பிரெஞ்சுதான் வரும். "மோன் தியே, மோன் தியே" என்று கடவுளைக் கூப்பிட்டபடி குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

அந்தக் கூடத்துக்குள் என் அப்பா, முகத்தில் வெள்ளை நுரையும் கழுத்திலிருந்து முழங்கால் வரை வெள்ளைத் துணியுமாக நுழைந்து, கைகூப்பி, சிரித்துக்கொண்டே கேட்டார்:

"வணக்கம் சம்பந்தி. மீன் வந்துச்சா?"

குமரனின் அம்மா போட்ட அலறல் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும். அவரைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் தெளிப்பதற்குள் ஒரு கான்ஸ்டபிள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து சேர்ந்தார்.

"செத்தது யாரு?"

அப்பா தட்டைப் பார்த்தார். தன்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நான்தான்னு நெனக்கிறாங்க சார்" என்றார்.

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். பல் லேப், மெழுகு, மன்றம், வஞ்சிரம், கடைசியில் யாரும் கேட்காமலேயே கோலம் வராது என்பதையும் சொல்லிவிட்டேன். இதற்குள் விளக்குச் சூட்டில் தலையின் இடது காது உருகித் தோளே இல்லாத இடத்தில் வழிந்துகொண்டிருந்தது. கான்ஸ்டபிள் விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்து, "மெழுகுவர்த்தி" என்று நோட்டை மூடிவிட்டு, போகும்போது என்னிடம், "எங்க அப்பாருக்கு ஒரு பல் செட்டு வேணும்மா" என்றார்.

குமரன் மட்டும் மேஜைக்கு அருகே குனிந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "அந்தத் தங்கப்பல்லு நீங்களே செஞ்சதா?" என்றார். தலையாட்டினேன். "ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றார். அவருடைய அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

அந்தக் கதவுச் சத்தம் என் காதிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்து மாடி மூலையைக் காலி செய்தேன். அச்சுகளை எல்லாம் மூட்டை கட்டினேன். அம்மா திட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அப்பா மட்டும் மூட்டையைத் தூக்கிப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, "ஒரு சம்பந்தம் போனா இன்னொண்ணு வரும். இத்தன அச்சும் திரும்ப யாரு எடுக்கறது? என் புருவம் தாங்காது" என்றார். (மன்றத்துக்கு நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். அந்த வஞ்சிரத்தை வறுத்துச் சாப்பிட்டாகிவிட்டது, ஐம்பதாவது நாள் விழா ஊரெல்லாம் பேசுகிறது என்று முருகன் அண்ணன் எனக்கே டீ வாங்கிக் கொடுத்தார்.)

நான்காம் நாள் குமரனின் அம்மா தானே எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவை வெளிச்சத்தில் உட்காரச் சொல்லி, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு என் அம்மாவிடம் சொன்னார்:

"காதுக்குக் கீழ இருக்கற மச்சம், கண்ணோரத்துச் சுருக்கம், ஒண்ணு வுடல உம் பொண்ணு. பெத்தவன் மூஞ்சிய இப்படி உத்துப் பாத்த புள்ளைய நான் எங்கயும் பாக்கல. கோலம் நான் போட்டுக்கறேன். தேதியப் பாருங்க."

கல்யாணம் நடந்தது. இப்போது முத்தியால்பேட்டை மாடியில் எனக்கு ஒரு மூலை இருக்கிறது. வாள் செய்கிறேன், கிரீடம் செய்கிறேன், தலை மட்டும் செய்வதில்லை. மாலையில் அப்பா வந்து தொட்டுப் பார்த்து நொட்டை சொல்லத்தான் அங்கே ஆளில்லை, அவர் வருவது நல்ல நாள் கெட்ட நாளுக்குத்தான்.

அந்த வருஷம் எங்களைத் தலை தீபாவளிக்கு அழைக்க அப்பா தட்டு, பழத்தோடு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து என் மாமியார் குரல் கொடுத்தார்:

"தலதான் முன்னாடியே வந்துடுச்சே சம்பந்தி. இப்ப மிச்சத்தயும் கொண்டாந்துட்டீங்களா?"

எட்டு தீபாவளி ஆகிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் மாமியார் அதையே கேட்கிறார். அப்பாவும் ஒவ்வொரு வருஷமும் கழுத்தைச் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒண்ணாத்தாங்க இருக்குது" என்று சொல்லிவிட்டுத்தான் படியேறுகிறார்.