அஞ்சு வராமல் கப்பல் கிளம்பாது

சொந்தக் குடும்பத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் படுக்க ஆசைப்பட்டுப் பொய் சொன்னவர்கள் ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள். அதற்காக ஒரு கப்பலையே துறைமுகத்தில் நிறுத்திவைத்தவள் அநேகமாக நான் ஒருத்திதான். சில வருடங்கள் ஓடிவிட்டன. நான் ஒப்புக்கொள்ளாமல் இருந்தாலும் எங்கள் மாமா வாரம் ஒரு தடவை ஊருக்கே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

அப்பாவுக்கு அறுபது முடிந்த வருடம் அது. தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் ஆயுள் முழுக்கத் தூள் சலித்தவர். அறுபதாம் கல்யாணத்துக்கு ஹட்டனில் மண்டபம் பார்க்கலாம் என்று நானும் அக்காவும் பேசிக்கொண்டிருந்தபோது, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னார்.

"மண்டபமெல்லாம் வேணாம். நான் சலிச்ச தூளு பூரா கப்பல்ல போயிருக்கு. நான் ஒரு தடவ போனா என்ன?"

அதற்குப் பிறகு யார் மறுத்துப் பேச முடியும்? கொழும்பில் ஏறி, தீவை அரைவட்டம் அடித்து, மூன்றாம் நாள் திருகோணமலையில் இறக்கிவிடும் ஓர் உல்லாசக் கப்பல் அப்போது ஓடியது. ஏற்பாடெல்லாம் என் தலையில் விழுந்தது. நான் டீச்சர் அல்லவா, படிவம் நிரப்பத் தெரிந்தவள்! (தெரிந்ததுதான் வினை.)

போகிறவர்கள் ஆறு பேர். அப்பா, அம்மா, கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடேயே இருந்துவிட்ட அப்பாவின் தங்கை ராசாத்தி அத்தை, ஜெயா அக்கா, நானுஓயாவில் வேன் ஓட்டும் அக்காவின் புருஷன் சேகர் மாமா, அப்புறம் நான், மலர்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில் ஒரே ஒரு காம்பராவில். அதற்குள் ஐந்து பேர். உயர்தரப் பரீட்சைக்கு நான் படித்தது, கயிற்றில் தொங்கிய அம்மாவின் சேலைக்குப் பின்னால். அந்தச் சேலைக்கு அந்தப் பக்கம் அத்தையின் குறட்டை, அப்பாவின் ரேடியோ, அக்காவின் காதல் சோகம். முப்பத்திரண்டு வயதாகியும், உள்ளே தாழ்ப்பாள் போட்ட ஓர் அறைக்குள் நான் தனியாக ஒரு ராத்திரி தூங்கியதில்லை. எனக்குக் கடல் வேண்டாம், நீச்சல் குளம் வேண்டாம். ஒரு கதவு வேண்டும். அது பூட்ட வேண்டும். அவ்வளவுதான்.

பயண முகவர் அலுவலகத்துப் பெண் போனில் கேட்டாள்: "அறைகள் பக்கத்துல பக்கத்துல வேணுமா, மிஸ்?"

எதிரே அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே, தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கம் போனேன்.

"நாலு அறை வேணும். அப்பா அம்மாவுக்கு ஒன்னு, அக்காவுக்கு ஒன்னு, அத்தைக்கு ஒன்னு, எனக்கு ஒன்னு. பக்கத்துல வேணாம். என்னோடது எவ்வளவு தூரமா இருந்தாலும் பரவாயில்ல."

"குடும்பம்தானே மிஸ்?"

"குடும்பம்தான். அதனாலதான்."

வீட்டில் வந்து, "கப்பல்ல அவங்க குடுக்கிற எடத்துலதான் படுக்கணுமாம். நம்ம கையில ஒன்னுமே இல்ல" என்றேன். முகத்தில் வருத்தம்கூடக் காட்டினேன். என்ன நடிப்பு!

இனி எங்கள் வீட்டுக் கணக்கெடுப்பைப் பற்றி. எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, ஒரு மழைக்கால மத்தியானத்தில் எங்கள் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தது. எல்லோரும் தோட்டத்துப் பாடசாலைக்கு ஓடினோம். ஓடிய களைப்பில் நான் டீச்சர் மேசைக்கு அடியில் சுருண்டு தூங்கிவிட்டேன். என்னைக் காணாமல் அம்மா மறுபடியும் லயத்தை நோக்கி, அந்தச் சேற்றுக்குள் ஓடியிருக்கிறார். நாலு பேர் பிடித்து இழுத்து வந்தார்களாம். என்னை எழுப்பியபோது அம்மாவின் முகம் இருந்த இருப்பு எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

அன்றிலிருந்து அப்பா ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஆளுக்கு ஓர் எண். அப்பா ஒன்று, அம்மா இரண்டு, அத்தை மூன்று, அக்கா நான்கு, நான் ஐந்து. கல்யாணமாகி வந்த மாமாவுக்கு ஆறு. (தாலி கட்டிய மறுநாள் காலையிலேயே கொடுத்துவிட்டார்கள், பாவம்.) எங்கே போனாலும் அப்பா முதலில் ஓர் இடத்தைக் காட்டி, "ஏதாச்சும்னா எல்லாரும் இங்க வந்துரணும்" என்பார். கூடினதும் எண்ண வேண்டும். முந்தின எண் வராமல் அடுத்தவர் வாயைத் திறக்கக்கூடாது. கதிர்காமம், நுவரெலியா வசந்தகாலக் கூட்டம், டவுனில் தீபாவளிச் சேலை எடுக்கப் போகும்போது, எங்கேயும் இது நடக்கும். இளம் வயதில் எனக்கு இது எவ்வளவு மானக்கேடாக இருந்தது என்று சொல்லி முடியாது.

கப்பலில் ஏறினோம். அப்பா அம்மாவின் அறையில் கட்டில்மேல் ரோஜா இதழ்களை இருதயம் மாதிரி பரப்பி, துவாயை மடித்து இரண்டு அன்னங்கள் செய்து வைத்திருந்தார்கள். அறுபதாம் கல்யாணம் என்று படிவத்தில் நான் எழுதியதன் விளைவு. மருமகனுக்கு முன்னால் அம்மா வாசலைத் தாண்ட மறுத்துவிட்டார்.

"நானும் உங்கப்பாவும் இதுக்குள்ள தனியா என்னடி பண்றது?"

"பேசிக்கிட்டிருங்கம்மா."

"இத்தன வருஷம் பேசாததயா?"

அத்தை அதற்குள் ஒரு அன்னத்தைப் பிரித்து முகம் துடைத்துவிட்டு, இதழ்களைக் கூட்டி ஒரு ஓரமாகக் குவித்தார். அவருடைய அறை அதற்கும் இரண்டு தட்டுகள் கீழே. தனியாக விட்டுவிட்டுத் திரும்பியபோது, "இவ்வளவு பெரிய காம்பராவுல நான் மட்டுமா புள்ள?" என்றார். நான் கேளாததுபோல் நடந்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்பா எல்லோரையும் கூட்டிப் போய் மேல்தட்டில் ஐஸ்கிரீம் விற்கும் இடத்தைக் காட்டினார். "ஏதாச்சும்னா இங்க." நான் தலையாட்டினேன். காதில் விழவில்லை. என் மனம் அப்போதே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தது.

என் அறை எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியில். உள்ளே போனேன். பூட்டினேன். திறந்து பார்த்து மறுபடி பூட்டினேன். தொந்தரவு செய்யாதீர்கள் என்ற அட்டையை வெளியே மாட்டினேன். வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவந்த கடலைமாவையும் மஞ்சளையும் தயிரில் குழைத்து முகத்தில் அப்பிக்கொண்டேன். போனில் பாட்டைச் சத்தமாக வைத்தேன். சுடுதண்ணீரைத் திறந்தேன். விறகு ஊதாமல், வாளியில் கலக்காமல், வெளியே யாரும் "சீக்கிரம் வாடி" என்று கத்தாமல் கொட்டும் சுடுதண்ணீர்! நானும் கூடவே பாடினேன்.

இனி வருவதை மாமா சொல்லித்தான் கேட்டேன். மாமா ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லக்கூடியவர். பாதியைக் கழித்துத்தான் எழுதுகிறேன்.

கப்பல் கிளம்புவதற்கு முன்னால் ஒரு பாதுகாப்பு ஒத்திகை உண்டு. சங்கு ஊதியதும் ஒவ்வோர் அறைக்காரரும் தமக்கென்று குறித்த கூடத்துக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். நான் அறைகளைத் தூரத்தூரமாகப் போட்டிருந்ததால் எங்கள் குடும்பத்துக்கு நாலு கூடங்கள் விழுந்திருந்தன. சங்கு ஊதியது. எங்கள் ஆட்கள் ஒருவர்கூடத் தங்கள் கூடத்துக்குப் போகவில்லை. ஐந்து பேரும் நேராக ஐஸ்கிரீம் கடைக்கு வந்துவிட்டார்கள். அத்தை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாராம்.

வெள்ளைச் சட்டை போட்ட ஓர் அதிகாரி வந்து, தயவுசெய்து பிரிந்து போங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். அப்பா மரியாதையாகத்தான் பதில் சொன்னாராம்: "தொரை, காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல நின்னு பழகின ஆளுதான் நானு. ஆள் பிரிச்சு வேலைக்கு அனுப்புறது வேற. ஆபத்துல ஆள் பிரிக்கக் கூடாதுங்க." பிறகு திரும்பி நின்று, "ஒன்னு!" என்றார்.

"ரெண்டு." அது அம்மா.

"மூணு." "நாலு."

அப்புறம் சத்தமில்லை. மாமா வாயைத் திறந்தபடி நின்றாராம். அதிகாரி அவரிடம் சிங்களத்தில், "நீங்களாவது போகலாமே" என்று கேட்க, மாமா, "அஞ்சு சொல்லாம நான் ஆறு சொல்ல முடியாதுங்க மாத்தயா" என்று விளக்கியிருக்கிறார். அந்த அதிகாரிக்கு என்ன புரிந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

கணக்கு முடியாமல் கப்பல் கிளம்ப முடியாது. கப்பலின் கணக்கும்தான், எங்கள் கணக்கும்தான். நூற்றுக்கணக்கான பேர் கூடங்களில் காத்து நிற்க, என் முழுப் பெயரை ஒலிபெருக்கியில் மூன்று மொழியிலும் கூப்பிட்டார்கள். நான் சரணத்தில் இருந்தேன்.

கதவு இடிபட்ட சத்தம் எனக்குக் கேட்டது, பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த இடைவெளியில். பணியாளர்கள் பொதுச் சாவி போட்டும் திறக்கவில்லையாம், நான் அவ்வளவு அக்கறையாக உள்தாழ்ப்பாள் போட்டிருந்தேன். "மலரு! மலரு!" என்று அம்மாவின் குரல். கப்பல் கொடுத்த வெள்ளை அங்கியைச் சுற்றிக்கொண்டு, தலையில் துவாயும் முகத்தில் கடலைமாவுமாகக் கதவைத் திறந்தேன்.

நடைபாதை முழுக்க ஆட்கள். எல்லோருக்கும் முன்னால், பட்டுச் சேலைக்கு மேல் ஆரஞ்சு நிற உயிர்காப்பு அங்கியோடு அம்மா. ஏழு வயதில் மேசைக்கு அடியில் கண் விழித்துப் பார்த்த அதே முகம். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டார். விரலில் மாவு ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அஞ்சு" என்றேன்.

"ஆறு!" என்று மாமா கத்திய கத்தில் நடைபாதையே கை தட்டியது.

அதோடு முடிந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். அதிகாரி கையிலிருந்த கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். டீச்சரான எனக்குப் புரிந்துவிட்டது. மாமாவுக்கு அதைவிட நன்றாகப் புரிந்தது. கேட்காமலேயே மொழிபெயர்த்தார், அதுவும் மேடைப் பேச்சாளர் மாதிரி.

"மாத்தயா என்ன சொல்றாருன்னா, அவங்க ஆளுங்க மேல தப்பு இல்லையாம். இந்தக் குடும்பத்த ஒன்னா போடத்தான் பாத்தாங்களாம். பக்கத்துல வேணாம், தூரமாத்தான் வேணும்னு நம்ம ஆளுதான் கேட்டதா எழுதியிருக்காம்."

அத்தைதான் மெதுவாகக் கேட்டார்: "என் கொறட்டைக்காகவா புள்ள?"

கடலைமாவு காய்ந்து முகம் இறுகிக்கொண்டிருந்தது. அழுதால் வெடிக்கும், சிரித்தாலும் வெடிக்கும். "இல்ல அத்த. எனக்கு... உள்ளுக்க பூட்டிக்கிட்டு ஒரு நாளாச்சும் தனியா இருந்து பாக்கணும்னு ஆசை. வேற ஒன்னும் இல்ல" என்றேன். தினமும் முப்பது பிள்ளைகளுக்கு இடாப்பில் பெயர் கூப்பிட்டு, வராதவர்களை முறைக்கிற டீச்சர், இப்படி நடைபாதையில் நின்று மூக்கை உறிஞ்சினேன்.

அம்மா என் அறையை எட்டிப் பார்த்தார். கட்டிலை, சன்னலை, கடைசியாகக் கதவின் உள்பக்கத் தாழ்ப்பாளை.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? எனக்கும் ஒரு காலத்துல இருந்த ஆசதான்" என்றார். பிறகு, "பூட்டிக்க. நல்லா பூட்டிக்கிட்டுத் தூங்கு. ஆனா நாங்க எண்ணுறப்ப சத்தம் குடுத்துரு. எங்க இருந்தாலும் பரவால்ல."

கப்பல் கிளம்பியது. அத்தை தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் அறைக்கு மாறினார். ரோஜா இதழ் பரப்பிய கட்டிலில் நாத்தனாரும் அண்ணியும் படுத்தார்கள். அறுபதாம் கல்யாண மாப்பிள்ளை சோபாவில். விளக்கணைக்கும் முன் அப்பா என் அறைக்கு உள்தொலைபேசியில் கூப்பிட்டார், எண்ணி முடித்தோம். உங்களுக்கு எப்படியோ, இந்த இடத்தில் நான் மனம் மாறி அவர்களோடு போய்ப் படுத்தேன் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் நான் போகவில்லை. தாழ்ப்பாள் போட்டு, குறுக்காகப் படுத்து, பிரமாதமாகத் தூங்கினேன்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதற்குத் தாமதித்தாலும், "கப்பல் நிக்குது!" என்றுதான் சத்தம் வரும். என் பாடசாலை அதிபர்வரைக்கும் இது பரவிவிட்டது. (மாமாவின் வேனில் ஏறுகிறவர்தான் அவரும்.)

போன வருடம் தோட்டத்தில் கிடைத்த காணித் துண்டில் சின்னதாக ஒரு வீடு கட்டினோம். இரண்டே அறைகள். கதவு போட வந்த தச்சர் பாஸ் உன்னஹேயிடம், சிமெந்து கணக்கிலோ ஓட்டிலோ தலையிடாத அம்மா, தானே போய்ச் சொன்னார்: "அந்தச் சின்ன அறைக்கு உள்பக்கம் தாப்பா போடுங்க. நல்ல கெட்டியானதா போடுங்க."

இதை அந்தச் சின்ன அறையில் இருந்துதான் எழுதுகிறேன். விளக்கு வைக்கும் நேரம். கூடத்தில் அப்பா ஆரம்பித்துவிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. நானுஓயாவிலிருந்து போனில் அக்காவின் நான்கு. பின்னாலேயே மாமா, "ஏய், கப்பல் நிக்குது!"

நான் எழுந்திருக்கவில்லை. தாழ்ப்பாளைத் திறக்கவும் இல்லை. இருந்த இடத்திலிருந்தே, கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"அஞ்சு."