பரிசத்தன்று கேட்டோடு நான் பட்ட பாடு

குறிப்பைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே ஓர் இளக்காரம். ரைஸ் குக்கர் வாங்கினால் கூடவே வருகிற சின்னப் புத்தகத்தைப் பிரிக்காமலே குப்பையில் போடுகிற ரகம் நான். அப்படிப்பட்டவள் ஊருக்கெல்லாம் குறிப்பு எழுதிக் கொடுக்கக் கிளம்பினேன் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது.

நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்னக் கம்பெனியில் மின்னணுப் பலகைகளுக்கு மென்பொருள் எழுதுகிறேன். அந்தப் பலகைகளில் பூட்லோடர் என்று ஒன்று உண்டு. கரண்ட் வந்ததும் முதலில் கண் விழித்து மற்றதையெல்லாம் தட்டி எழுப்புவது அதுதான். புதிய மென்பொருளை ஏற்றுவதும் அதன் வழியாகத்தான். (வீட்டில் அம்மா பார்க்கிற வேலை. யாரும் நன்றி சொல்வதில்லை என்பதிலும் அப்படியே.) நாங்கள் பயன்படுத்தும் பூட்லோடரை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம், திருத்தலாம். ஆனால் அதன் செயல்முறைக் குறிப்பு மட்டும் அரதப் பழசு. முகம் தெரியாத யாரோ ஒரு மனிதர் எழுதியது. பாதி எச்சரிக்கை, மீதி புலம்பல். “முதலில் மோட்டார் வயரைக் கழற்று. நான் கழற்றவில்லை. இன்றுவரை பக்கத்து வீட்டுக்காரர் என்னோடு பேசுவதில்லை” என்கிற தினுசில் ஆங்கிலத்தில் போய்க்கொண்டே இருக்கும்.

இதெல்லாம் ஒரு குறிப்பா என்று நானே அதைப் புதுப்பிக்க முன்வந்தேன். மூன்று பக்கத்தை அரைப் பக்கமாக்கினேன். புலம்பலோடு சேர்த்து இரண்டு எச்சரிக்கைகளையும் வெட்டினேன். அவை பழைய பலகைகளுக்குத்தான் தேவை, அதையெல்லாம் இந்தக் காலத்தில் யார் வைத்திருக்கப் போகிறார்கள்? கடைசியில் என் கைவரிசையாக ஒரு வரி சேர்த்தேன்: “மிக எளிது. ஏழு நிமிடம் போதும்.”

ஐரோப்பாவில் எங்கோ இருந்துகொண்டு அந்தத் திட்டத்தைக் கவனிக்கிறவர் என் திருத்தத்தை அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டார். ஏற்றியபிறகு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். “அருமை. நிஜப் பலகையில் செய்து பார்த்தீர்கள்தானே?”

அந்தத் ‘தானே’ என்னைச் சுட்டது. நான் எங்கே செய்து பார்த்தேன்?

இதைப் படித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு. அன்று எனக்குப் பரிசம்.

சாலாக் செலாத்தானில் எங்கள் வீடு. மாப்பிள்ளை குமரன் பண்டமாரான்காரர், போர்ட்டில் கிரேன் ஓட்டுகிறார். இரண்டு வருஷப் பழக்கம். அவருடைய அம்மா சரோஜா ஆன்டியைச் சம்மதிக்க வைக்கத்தான் நாக்குத் தள்ளிவிட்டது. ஆன்டிக்குச் சகுனம் முக்கியம். பூனை குறுக்கே போனதற்காக மூத்த மகனின் சம்பந்தத்தையே பாதி வழியில் விட்டுவிட்டு வேனைத் திருப்பினவர். அன்று பன்னிரண்டு மணிக்கு எமகண்டம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டிருந்தார். அந்த இன்னொரு நாள் வரவே வராது என்று எனக்கும் குமரனுக்கும் நன்றாகத் தெரியும்.

மாப்பிள்ளை வீட்டார் ஃபெடரல் ஹைவே ஜாமில் நின்றார்கள். எனக்குத் தலை பின்னிப் பூ வைத்தாகிவிட்டது. அம்மா, “கசங்காம ஒரு எடத்துல உக்காரு” என்று போர்ச்சில் ஒரு நாற்காலி போட்டார். எதிரே எங்கள் ஆட்டோ கேட், மோட்டாரில் தானாகத் திறந்து மூடுகிற ரகம். பழைய கேட் பலகை இடி விழுந்து கருகியபோது, அதற்குப் பதிலாக ஆபீஸில் சும்மா கிடந்த ஒன்றை நானே மாட்டியிருந்தேன். அதில் இருப்பது சாட்சாத் அதே பூட்லோடர்.

ஏழு நிமிட வேலைதானே? லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மோட்டார் பெட்டியைத் திறந்து வயரைச் சொருகினேன். என் குறிப்பை நானே வரிக்கு வரி பார்த்துச் செய்தேன். வாழ்க்கையில் முதல்முறையாகக் குறிப்பைப் படித்துவிட்டுச் செய்த வேலை அது.

பாதியில் திரை உறைந்தது. கேட் ‘டொக்’ என்றது. ஓரடி திறந்தது, மூடியது. கொஞ்சம் யோசித்தது. மறுபடி ஓரடி திறந்து மூடியது.

விஷயம் புரிந்தது. புதிய மென்பொருளில் முன்பாதிதான் ஏறியிருந்தது. முன்பாதியில், ‘எழுந்ததும் கேட்டை ஓரடி திறந்து மூடிப் பார்’ என்று நான் எழுதி வைத்திருந்தேன். அதைச் செய்துவிட்டு அடுத்த வரியைத் தேடும், இருக்காது, மயங்கி விழும். மறுபடி எழும், மறுபடி ஓரடி. நான் மாட்டியிருக்கிற பலகைதான் அந்த ‘யாரும் வைத்திருக்காத’ பழைய பலகை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

கரண்டை நிறுத்தினால் கேட் மூடியபடியே பூட்டிக்கொள்ளும். கையால் திறக்க ஒரு சாவி உண்டு. அதை அப்பா பத்திரமாக வைத்திருந்தார். (அதாவது, எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியாது.) அவர் அலமாரியைக் கவிழ்த்துக்கொண்டிருக்கும்போது வாசலில் வேன் வந்து நின்றது. மணி பதினொன்று இருபது.

பட்டுப்புடவையும் பதினோரு தட்டுமாக எல்லாரும் இறங்கினார்கள். கேட் ஓரடி திறந்து “வாங்க” என்றது, உடனே மூடி “போங்க” என்றது.

“என்னம்மா வாணி, கேட்டுக்கு என்ன?” என்றார் சரோஜா ஆன்டி.

“சின்ன ரிப்பேர் ஆன்டி. அஞ்சே நிமிஷம்.”

“இதுக்கு எப்படிச் செய்யணும்னு குறிப்பு ஒன்னும் கெடையாதா?”

“இருக்கு ஆன்டி.”

“அதைப் பார்த்துச் செய்ய வேண்டியதுதானே? எந்த மடையன் எழுதினான், ஒன்னும் புரியலையா?”

“நான்தான் எழுதினேன் ஆன்டி.”

அம்மா உள்ளே சாமி படத்தின் பக்கம் திரும்பி முருகனைக் கூப்பிட்டார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. போச்சுலா, கல்யாணம் போச்சு, அரைப் பக்கக் குறிப்புக்காகப் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆன்டி கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் இருபது வருஷம் லைன் லீடராக இருந்தவர் என்பதை நான் மறந்துவிட்டேன்.

“நாலு வரைக்கும் எண்ணலாம், அப்புறம் மூடுது” என்றார் திரும்பி. “எல்லாரும் லைன்ல நில்லுங்க. தேங்காத் தட்டு முன்னாடி. சம்பந்தியம்மா, நீங்க உள்ளேருந்து வாங்கிக்குங்க. ரெடியா? தொறக்குது... கொடு! அடுத்தது!”

அப்படியே ஒவ்வொரு தட்டாக உள்ளே வந்தது. மைசூர்பாகுத் தட்டு மட்டும் ஒரு நொடி தாமதித்ததில் ஓரம் நசுங்கியது. தட்டு வந்தால் போதுமா, மனிதர்கள் வர வேண்டாமா? நாலு எண்ணுவதற்குள் நுழையப் பயந்து யாரும் காலெடுத்து வைக்கவில்லை.

கேட்டுக்கு வெளியே குமரன் போனை எடுத்து இணையத்தில் தேடினார். “வாணி, அந்தக் குறிப்பைப் பார்த்துட்டேன். ‘மிக எளிது, ஏழு நிமிடம் போதும்’னு முடியுது. அதுக்கப்புறம் ஒன்னுமே இல்லையே?”

“அதை விடுங்க! மேல ‘பழைய பதிப்புகள்’னு ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்குங்க. அதுல நான் வெட்டினது இருக்கும்.”

“நீ வெட்டினியா?”

“குமரன், ப்ளீஸ்!”

அவர் தேடி எடுத்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி மொழிபெயர்த்து வாசித்தார். “மோட்டார் வயரைக் கழற்று... ஹ்ம், அது தாண்டிருச்சு. இந்தா இருக்கு. ‘பலகையில் உள்ள சின்ன பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏற்று. முழுசாக ஏறும் வரை கையை எடுக்காதே. கையை எடுத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எனக்குத் தெரியும்.’”

கேட் ஓரடி திறந்த நேரம் பார்த்து, பெட்டிக்குள் கையை விட்டு அந்தப் பட்டனை அமுக்கினேன். கேட் அப்படியே நின்றுவிட்டது. இடது கையால் லேப்டாப்பில் மறுபடி ஏற்றத் தொடங்கினேன்.

சொந்தக்காரர்கள் எல்லாரும் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொருவராக நுழைந்தார்கள். குமரனின் தாய்மாமன் மட்டும் எவ்வளவு எக்கியும் முடியாமல், “நான் இங்கேருந்தே ஆசீர்வாதம் பண்றேன்” என்று வெளியிலேயே நின்றுகொண்டார்.

ஏறும் வேகத்தைப் பார்த்தால் ஏழு நிமிடத்தில் முடிகிற காரியமாகத் தெரியவில்லை. வேறு யாரையாவது பிடிக்கச் சொல்லலாம்தான், விரல் மாறுகிற நேரத்தில் நழுவினால் திரும்பவும் முதலிலிருந்து. மணி பதினொன்று நாற்பத்தெட்டு.

“நீ அசையாதே” என்றார் சரோஜா ஆன்டி. “சாமி படத்தை எடுத்துக்கிட்டு, சம்பந்தியையும் இங்கே கூட்டிட்டு வாங்க.”

முறைப்படி, அவர்கள் கொண்டுவந்த புடவையை நான் உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வர வேண்டும். ஆன்டி அதை என் தோளில் போர்த்திவிட்டார், குங்குமம் வைத்தார், இடது கையில் வளையல் போட்டார். வலது கை பெட்டிக்குள். மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றபடியே தட்டு மாற்றினார்கள். முடியும்போது பதினொன்று ஐம்பத்தாறு. எமகண்டம் பிறந்து இரண்டு நிமிடம் கழித்து, மென்பொருள் முழுசாக ஏறி முடிந்ததும் கேட் அகலமாகத் திறந்து தாய்மாமனை உள்ளே விட்டது.

“ஐயோ, எமகண்டத்துல தொறக்குதே!” என்று அம்மா பதறினார்.

“கேட்டுக்கு ஏதும்மா எமகண்டம்?” என்றார் ஆன்டி. பிறகு என் காதருகே குனிந்து, “விரல் வலிக்குதாம்மா?” என்றார். அப்போதுதான் நான் உண்மையிலேயே அழுதேன்.

மறுநாள் நான் வெட்டிய இரண்டு எச்சரிக்கைகளையும் இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தேன். ‘ஏழு நிமிடம்’ போய்விட்டது. ஐரோப்பாக்காரருக்கு நடந்ததை மறைக்காமல் எழுதினேன். அவர், “வாழ்த்துகள். அந்தப் பழைய குறிப்பை எழுதியவன் நான்தான்” என்று பதில் போட்டார். (பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.)

பண்டமாரான் வீட்டு ஹாலில் என் பரிசப் போட்டோ பெரிதாக மாட்டியிருக்கிறது. கழுத்து நிறைய மாலை, முகம் முழுக்கச் சிரிப்பு, வலது கையைக் காணோம்.

அதுகூடப் பரவாயில்லை. கல்யாணத்தன்று கெட்டிமேளம் முழங்க, குமரன் தாலியை என் கழுத்தில் வைத்து முதல் முடிச்சைப் போடும்போது, பின்னாலிருந்து சரோஜா ஆன்டியின் லைன் லீடர் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

“மூனு முடிச்சும் முழுசா ஏறுற வரைக்கும் கையை எடுக்காதேடா!”

அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் யார் கல்யாணமானாலும் தாலி கட்டுகிற நேரத்தில் யாராவது ஒருவர் இதைக் கத்தாமல் விடுவதில்லை. போன மாதம் கத்தியது நான்.