சிக்னல் எட்டாத அணைக்கரை

என் மனைவியை ஒரே ஒரு நாளாவது என்னோடு பேச வைத்தே தீருவது என்று முடிவெடுத்தேன்.

எங்களுக்குள் சண்டை ஏதும் இல்லை. சண்டை இருந்தால்கூடப் பேச்சு இருக்குமே! மகன் மதன்குமார் பெங்களூர் போன பிறகு, சூலூர் வீட்டில் நாங்கள் இருவர்தான். தெய்வாத்தாள் போனோடு இருப்பாள். நான் ஃபேனோடு இருப்பேன். அக்கா, தங்கச்சி, தங்கச்சியின் சம்பந்தி என்று ஊரையே பேசி முடித்து அவள் என் பக்கம் திரும்பும்போது, "சோறு போடட்டுங்களா?" என்பதோடு கடை மூடிவிடும்.

வால்பாறை போகும் வழியில், அணைக்கரையில் ஒரு கூடார முகாம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். பெடல் படகு உண்டு. செல்போன் சிக்னல் கிடையாது. அந்தக் கடைசித் தகவலுக்காகவே பதிவு செய்தேன். ஒரு படகில் இரண்டு பேர். சுற்றிலும் தண்ணீர். எங்கே போய்விடுவாள்?

இறங்கியதும் போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

"ஏனுங்க, டவரே இல்லீங்களே?"

"அடடா! அப்படியா அம்மணி?" என்றேன். என் நடிப்பில் எனக்கே புல்லரித்தது.

போனைப் பைக்குள் போட்டாள். பேசப் போகிறாள்!

பேசினாள். பக்கத்துக் கூடாரத்து வாசலில் நின்ற ஆளிடம்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

"அந்தியூருங்க."

"என்ன கூட்டமுங்க?"

எங்கள் பக்கம் கூட்டம் என்றால் குலம். இந்தக் கேள்வி வந்துவிட்டால் அப்புறம் யாரும் அந்நியர் இல்லை. ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள், முன்பின் பார்த்திராவிட்டாலும் அண்ணன் தங்கைதான். இதை நான் எப்படி மறந்தேன்?

"ஓதாளன் கூட்டமுங்க."

"அட, அண்ணா! நானும் ஓதாளன் கூட்டத்துப் பொண்ணுதானுங்க!"

ஒரு நிமிஷத்தில் எனக்கொரு மச்சான் பிறந்துவிட்டார். பெயர் கந்தப்பன். அவர் மனைவி மாரியாத்தாள் வெளியே வந்ததும், "வாங்க நங்கையா" என்று அண்ணி முறை சொல்லிக் கையைப் பிடித்த தெய்வாத்தாள் அப்புறம் விடவே இல்லை.

படகுத்துறையில் மெல்ல ஆரம்பித்தேன்.

"ரெண்டு பேர் படகு அம்மணி. நாம போலாமா?"

"நானும் நங்கையாளும் போறமுங்க. நீங்க அண்ணங்கூடப் போங்க. பாவம், தனியா நிக்கறாரு."

நடுத்தண்ணீரில் பெண்கள் படகிலிருந்து ஒரே சிரிப்பு. நானும் கந்தப்பனும் கரையோரமாகச் சுற்றிக்கொண்டிருந்தோம். மனிதர் வாயே திறக்கவில்லை. வெகுநேரம் கழித்து, தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்.

"இங்க சிக்னல் இல்லீன்னாங்க. அதாங்க மாப்ள, இவளக் கூட்டியாந்தேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெடலை மிதித்தேன். அவரும் மிதித்தார்.

சாயங்காலம் தெய்வாத்தாள் என்னைத் தேடி வந்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, டவர் இல்லாத எடமாப் பாத்து எதுக்குக் கூட்டியாந்தீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா? பேச்சுத் தொணைக்கு ஆளில்லாமத் தவிக்கறீங்க. அண்ணனும் அப்படித்தானாமா. நங்கையாளும் நானும் பேசி முடிவு பண்ணிப்போட்டம். மாசாமாசம் நீங்க ரெண்டு பேரும் இங்க வந்து தங்கி, ஆசை தீரப் பேசிக்கோங்க. அன்னைக்கு நங்கையா நம்ம ஊட்டுக்கு வந்துக்குவாங்க."

இந்த வருஷத்தில் அவள் என்னோடு பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.