ஞாயிறு மத்தியானம் பெட்டிகளுக்கு மூளை மாற்றும் விஷயமாக

காணை,
வியாழக்கிழமை

என் அக்கா பெற்ற மகள், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊர் ஊராக வைஃபை ஓட்டும் சங்கவிக்கு, தாய்மாமன் தாண்டவராயன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை சின்னபொண்ணும் சுகம். மாடு நேற்றுக் கன்று போட்டது, அதுவும் சுகம். உன் சுகத்தை உன் அம்மா தினம் மூன்று வேளை போனில் சொல்லிவிடுவதால் தனியாகக் கேட்கவில்லை.

முதலில் ஒன்று. போன ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் கல்லூரியில் நடந்த அத்தனையும் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். யாரிடம் சொன்னேன் என்பது ஞாபகமில்லை, சொன்னது ஞாபகமிருக்கிறது. எட்டு வருஷத்துக்கு முன்னால் கல்லூரி எலக்ட்ரீஷியனாக ஏணி போட்டு இந்த வைஃபை பெட்டிகளை மாட்டும்போதே, இதற்கெல்லாம் ஒருநாள் புது மூளை வைக்க வேண்டி வரும், வைக்கப் போவதும் நம் வீட்டுப் பெண்தான் என்று வாய்விட்டுச் சொன்னேன். நீ அப்போது பத்தாவது. அரைப்பரீட்சைக் கணக்கில் இருபத்தொன்று வாங்கியிருந்ததால் யாரும் நம்பவில்லை. நான் எட்டாவதுதான் படித்தேன், ஆனால் அதை மூன்று வருஷம் படித்தேன். எட்டாவதில் என்னை யாரும் அசைக்க முடியாது.

நீ என்னிடம் கேட்டது சின்ன வேலைதான். விழுப்புரத்தில் நானூற்று நான்கு பெட்டி, திண்டிவனம் கிளையில் இருநூற்று எட்டு. எல்லாவற்றுக்கும் புது சாப்ட்வேர் ஏற்ற வேண்டும். பெட்டியின் பெயர் உன் திரையிலேயே தெரிகிறது, ஆனால் உள்ளே இருக்கும் பாகம் பழைய முதல் வார்ப்பா, பிந்தி வந்த இரண்டாம் வார்ப்பா என்பது பெட்டி முதுகில் ஒட்டிய சீட்டில்தான் இருக்கிறது, அதைப் பார்த்து எழுதி அனுப்புங்கள் மாமா என்றாய். முதல் வார்ப்பில் புது சாப்ட்வேரை ஏற்றினால் விளக்கு சிவப்பாகி, பெட்டி கல்லாகிவிடும். சோதனைக்கு ஏற்றிய ஒன்று அப்படித்தான் ஆனது. கல்லூரிக் கம்ப்யூட்டர் பிரிவு சீனுவாசன் சார் அதை மேசை மேல் பேப்பர் வெயிட்டாக வைத்திருக்கிறார். சரி, சீட்டைப் பார்க்கலாம் என்று ஏணியில் ஏறினால் சீட்டைக் காணவில்லை. ஏன் என்றால், வருஷா வருஷம் ஆயுதபூஜைக்கு ஒவ்வொரு பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறவன் நான். முகத்தில் வைத்தால் விளக்கு மறைகிறதே என்று முதுகில், சரியாகச் சீட்டு மேலேயே, எட்டு வருஷமாக அப்பி வைத்திருக்கிறேன். சந்தனம் செங்கல் மாதிரி காய்ந்து கிடக்கிறது. சீனுவாசன் சார் கீழே நின்றுகொண்டு, "இன்னாய்யா தாண்டவராயா, பூஜை வரைக்கும் ஆச்சு, அடுத்து இதுக்குக் காது குத்திக் கெடா வெட்டுவியா?" என்றார். "பூஜை போட்டுத்தான் சார் எட்டு வருஷமா ஓடிக்கினு கீது" என்றேன். ஈரத்துணியும் கரண்டியுமாக நான்கு நாள் சுரண்டி, கல்லான அந்த ஒன்று போக முதல் வார்ப்பு நாற்பத்து மூன்று என்று கண்டுபிடித்துச் சொன்னேன். நீயும் அந்த நாற்பத்து மூன்றையும் ஒதுக்கிவிட்டாய்.

அடுத்து நேரம். நீ ராத்திரி இரண்டு மணி என்று போட்டிருந்தாய், புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். ராத்திரி இரண்டு மணிக்குத்தான் அம்மாடி விடுதிப் பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து சினிமா பார்க்கும். நம் ஜில்லாவில் ஒட்டுமொத்தமாக எல்லோரும் அடங்குவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோழிக்குழம்பு தின்ற பிற்பாடு, இரண்டிலிருந்து நான்கு வரைக்கும். நான் சொன்னேன், நீ உன் திரையில், எந்நேரம் எத்தனை பேர் வைஃபை ஓட்டுகிறார்கள் என்று காட்டும் மூன்று மாசத்துக் கோட்டைப் பார்த்துவிட்டு, "ஆமா மாமா, கரெக்டா அங்கதான் பள்ளமா கீது" என்றாய். அந்தப் பள்ளத்தை வெட்டியது கோழிக்குழம்பு, அதைக் கண்டுபிடித்தது நான். உன் மேனேஜரிடம் இதைச் சொன்னாயா என்று தெரியவில்லை. சொல்லலாம்.

அன்றைக்கு நான் பார்த்த அதிசயத்தை இன்னும் யாரிடமும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகள் ஒரே நேரத்தில் அணையக் கூடாது என்று வரைபடத்தில் பச்சை, மஞ்சள், நீலம் என்று பிரித்திருந்தாய் அல்லவா? பச்சை அணைந்து புது மூளையோடு எழுந்திருக்கும் வரைக்கும் மஞ்சளும் நீலமும் குரலை உயர்த்தி அதன் இடத்தையும் பார்த்துக்கொள்ளுமாம். ஏரித் தண்ணீரை முறை வைத்து விடுகிற மாதிரி இருக்கிறதே, மடைக்காரன் யார் என்று எனக்கு ஒரே குடைச்சல். உன் அத்தையை வீடியோவில் கூப்பிட்டுப் போனைக் கையில் பிடித்தபடி நூலகத்திலிருந்து கேன்டீன் வரை நடந்தேன். தலைக்கு மேலே ஒரு பெட்டி அணைகிறது, இன்னொன்று கண் சிமிட்டுகிறது, அத்தை நெத்திலியை ஆய்ந்துகொண்டே இருக்கிறாள், படம் அறுபடவே இல்லை. ஒரு பெட்டி என்னை விட்டதும் அடுத்தது பிடித்துக்கொள்கிறதே, விட்ட இடத்துக்கும் பிடித்த இடத்துக்கும் நடுவில் நான் யார் கையில் இருந்தேன்? பதினொரு தடவை நடந்தும் அந்த இடம் பிடிபடவில்லை. கடைசியில் அத்தைதான், "இன்னாங்க, எதையாவது தொலைச்சிட்டீங்களா? ஒரே எடத்தைச் சுத்திக்கினு கீறீங்க" என்று போனை வைத்தாள். நான்கு மணிக்கு முந்நூற்று அறுபது பெட்டியும் புது மூளையோடு பச்சை காட்டின. அங்கே உன் மேனேஜரே கை தட்டினார் என்று உன் அம்மா சொன்னாள். இங்கே தட்டியது நான்.

இனி வரும் ஞாயிறு திண்டிவனம். மறுநாள் காலை பெண்கள் விடுதியில் முந்நூறு பிள்ளைகள் வேலைக்கான ஆன்லைன் பரீட்சையை அவரவர் அறையிலிருந்தே எழுதப் போகிறார்கள் என்பதால் உனக்குக் கவலை. போன வாரம் நீ போனில், "மாமா, இந்தத் தடவ திட்டம் என் பேர்ல போவுது. ஒங்க லிஸ்ட்ட நம்பித்தான் பட்டனத் தட்டப் போறேன். எல்லாம் ஏறிப் பாத்தீங்க இல்ல?" என்று கேட்டாய். பார்க்காமலா! திண்டிவனம் வகுப்பறைகளில் நூற்று எண்பத்திரண்டு பெட்டி, ஒன்று விடாமல் சுரண்டினேன். விடுதிக்குப் போனால் வார்டன் ஆரோக்கியசெல்வி அம்மா என் பெயரைக் கேட்டதும் வாசலுக்கே ஓடி வந்து, பிள்ளைகளையெல்லாம் கீழே இறக்கிவிட்டு, முன்னால் மணியடித்துக்கொண்டே மூன்று மாடிக்கும் என்னை அழைத்துப் போனார். இருபத்தாறு பெட்டியையும் முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தேன். அத்தனையும் இரண்டாம் வார்ப்பு, சத்தியம். இறங்கி வந்ததும் சுக்குக் காப்பி கொடுத்தார். ஆகவே நீ தைரியமாகத் தட்டு.

அடுத்த தெரு பெரியதம்பி நாளைக் காலை சென்னை வருகிறான். மல்லாட்டை மூட்டையும், சென்னையில் வேர்க்கடலை என்பீர்களே அதுதான், இந்தக் கடிதமும் அவனிடம் கொடுத்திருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. நீ தொட்ட பெட்டியெல்லாம் பச்சையாகவே எரியட்டும்.

இப்படிக்கு,
உன் மாமன்,
மு. தாண்டவராயன்,
எலக்ட்ரீஷியன் மற்றும் வைஃபை ஆலோசகர்

பின்குறிப்பு: உறை மேல் "கடைசிப் பக்கத்தை முதலில் படி" என்று எழுதியிருக்கிறேன். நீ எதையும் முறைப்படி செய்கிறவள், முதலிலிருந்துதான் படித்திருப்பாய். சங்கவி, விடுதிக்குள் நான் போகவே இல்லை. மணியும் இல்லை, சுக்குக் காப்பியும் இல்லை. ஆம்பளைகள் உள்ளே வர கல்லூரிக் கடுதாசி வேண்டும் என்று வார்டன் அம்மா கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார். "நம்பர் தானேங்க? தாளக் குடுங்க, நானே பாத்து எழுதிக்கினு வர்றேன்" என்றும் சொன்னார். அது டெக்னிக்கல் வேலைம்மா, ஏணி ஏற வேண்டும் என்றேன். "ஏணி எங்ககிட்டயே கீதுங்க" என்றார். அதற்கு மேல் அங்கே நிற்க எனக்கு முகமில்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டே இருபத்தாறு தடவை "இரண்டாம் வார்ப்பு" என்று எழுதி அனுப்பிவிட்டேன். நேற்று சீனுவாசன் சார் மேசையில் அந்தப் பேப்பர் வெயிட்டைப் பார்த்தேன். நான் வைத்த குங்குமம் அதன் மேல் இன்னும் இருக்கிறது. அந்த மாதிரி இருபத்தாறை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், நீ "சரி மாமா" என்று மெதுவாகச் சொல்வாயே, அதைக் கேட்கத் தைரியமில்லை. விடுதிப் பெட்டிகளைத் தொடாதே. வார்டன் அம்மாவைக் கூப்பிடு, அங்கே நான் சந்தனம் வைத்ததில்லை, அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார். அவர் நம்பரை பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதி மல்லாட்டைக்கு மேலேயே வைத்திருக்கிறேன். மேனேஜர் கேட்டால் தப்பு என்னுடையது என்று என் பெயரைப் போட்டே சொல்.

முன்கூட்டியே சொன்னேன், முன்கூட்டியே சொன்னேன் என்று மேலே எழுதியிருக்கிறேனே, நிஜமாகவே ஒன்று நடப்பதற்கு முன்னால் நான் சொல்வது இதுதான் முதல் தடவை.