தட்டில் செத்த நைனா

சுத்தக்காரிகளைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். சுத்தம் பார்த்தே பெற்ற தகப்பனை ஒரு முறை கொன்றவள் சொல்கிறேன்.

எங்கள் வீடு எண்ணூரில். மூடி வைத்த குடத்துத் தண்ணீரிலும் அனல்மின் நிலையச் சாம்பல் படியும். நேற்றுப் பிடித்த தண்ணீர் என்றால் அம்மா யோசிக்காமல் கொட்டிவிடுவாள். அந்த வளர்ப்புதான் நான்.

படிப்பு முடிந்ததும், மனிதத் தோல் செல்களை வளர்க்கும் ஓர் ஆய்வகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். ஒரு தட்டு நிறையச் செல்களை வளர்த்துக் காட்டினால் வேலை நிரந்தரம். கன்டெய்னர் லாரி ஓட்டும் நைனாவுக்கு அப்போதுதான் முதுகில் கட்டி எடுத்தார்கள். கூடவே வந்த துண்டுத் தோலைக் கையெழுத்துப் போட்டு ஆய்வகத்துக்கே கொடுத்துவிட்டார். (“எம்பொண்ணுக்கு இல்லாததா?”)

தினமும் லாரியிலிருந்து போன் வரும்.

“இன்னாம்மா, நான் வளந்துகினு கீறேனா?”

“வளர்ற, நைனா.”

பொய். தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டிக்கொண்டு அப்படியே கிடந்தார் நைனா. காலையில் செல்கள் ஊறிக் கிடக்கும் பழைய ஊட்டத் திரவத்தைக் கொட்டிப் புதிது ஊற்றினேன். சாயங்காலமும் கொட்டி ஊற்றினேன். (யாரும் சொல்லவில்லை, நேற்றைய தண்ணீரைப் பார்த்தால் என் கை சும்மா இருக்குமா?) ஒரு நாள் செல்கள் மொத்தமாகக் கழன்று மிதந்தன.

பயிற்சி தந்த மேடம் தட்டைப் பார்த்தார், பிறகு என்னை. “வளர்றதுக்கு வேண்டியதை அதுங்களே சுரந்து, சுத்தி இருக்கிற தண்ணியில விடும். அதை எடுத்துக்கிட்டுத்தான் வளரும். இடம் நிறைஞ்சா தானா நிறுத்திக்கும். நீ தினமும் கொட்டினது அதைத்தானே?”

வேலை போயிற்று. அதைவிட, நைனாவிடம் சொல்வதுதான் பெரும்பாடு. சாப்பிட உட்கார்ந்திருந்தவரிடம், “நைனா, நீ செத்துட்ட” என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன். அவர் சிரிக்கவில்லை. முதுகுத் தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“பேஜாரா பூட்ச்சே... சரி, நீ துன்னு” என்றார்.

தங்கச்சிதான் மெதுவாக, “காரியம் செய்யணுமா?” என்று கேட்டு அம்மாவிடம் அடி வாங்கினாள். அன்றிலிருந்து நான் யாரையாவது அதிகமாகக் கவனித்தால், “தண்ணி மாத்த வந்துட்டா” என்பது வீட்டு வழக்கம்.

இப்போது நான் மீஞ்சூரில் டீச்சர். என் மகனை முதன்முதலாகப் பள்ளியில் விட்ட அன்று, சட்டைக் காலரைச் சரிசெய்ய, பாட்டில் மூடியைப் பார்க்க என்று திரும்பத் திரும்ப உள்ளே ஓடினேன். கேட் அருகே, கூட வந்திருந்த நைனா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“வாம்மா வூட்டுக்கு. என்னைக் கொன்னது பத்தாதா? அவனையாவது வுடு.”