செம்பருத்தி நகர்ப் பூங்காவும் எங்கள் வீட்டு அடுப்படியும்

அரியலூர்,
செவ்வாய்க்கிழமை, மதியம்.

மதிப்பும் பாசமும் நிறைந்த மச்சான் கண்ணையன் அவர்களுக்கு, உங்கள் தங்கை மேகலாவைக் கட்டிய மணிமாறன் பணிவுடன் எழுதிக்கொள்வது. பெரம்பலூரில் நீங்களும் சின்னம்மாள் அக்காவும் நலமாயிருக்கக் கல்லங்குறிச்சிப் பெருமாளை வேண்டுகிறேன். அக்காவின் முழங்கால் வலி இப்போது தேவலையா? இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் சுகம். மனசளவில் எப்படி என்பதைத்தான் கீழே எழுதப்போகிறேன். தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து யார் எதைச் சொன்னாலும் "எழுத்து மூலமா கொடுங்க" என்றுதான் சொல்கிறீர்கள். போன தீபாவளிக்கு உங்களை வீட்டுக்கு அழைத்ததற்கே ஒரு கார்டு போட வேண்டியிருந்தது. ஆகவே எழுத்து மூலமாகவே கொடுக்கிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பூங்கா உங்களுக்குத் தெரியும். அதில் உடைந்த சறுக்குமரம் ஒன்று, ஒரு பக்கம் மட்டும் இருக்கும் ஏற்ற இறக்கப் பலகை ஒன்று, சுண்ணாம்புக்கல் லாரிப் புழுதி படிந்து என்ன மரமென்றே தெரியாமல் போன நாலு மரங்கள், காலையில் சர்க்கரை வியாதிக்காக நடக்கும் மூன்று பேர், இவ்வளவுதான். குழந்தைகள் அங்கே விளையாடி நான் பார்த்ததில்லை. ஆனால் நாலு மாதத்துக்கு முன் ஒரு நாள் காலையில் அங்கே ஏழு தார்ப்பாய்கள் முளைத்திருந்ததைப் பார்த்தவுடன், குழந்தைகள் விளையாடும் இடத்தில் இப்படியா என்று எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. விசாரித்தால், ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்த ஏழு குடும்பங்களாம். ஏரி ஆக்கிரமிப்பு என்று குடிசைகளை எடுத்துவிட்டார்களாம், மாற்று இடம் தருகிறோம், கொஞ்சம் பொறுங்கள் என்றார்களாம். அந்தக் கொஞ்ச காலத்தைத்தான் எங்கள் பூங்காவில் கழிக்கிறார்கள். கல் உடைக்கிறவர்கள், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் துலக்குகிறவர்கள். அவர்களுக்கெல்லாம் பேச்சாளர் மாதிரி ஆண்டாயி என்று ஒரு அம்மாள், ஐம்பது வயதிருக்கும், குரல் மட்டும் ரயில்வே ஸ்டேஷன் வரை கேட்கும்.

செம்பருத்தி நகரே திரண்டது மச்சான். பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு எட்டுப் பேர் வந்த நகர், இந்தக் கூட்டத்துக்கு எழுபது பேர் வந்தார்கள். தலைவர் செல்லதுரை, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், வீட்டு மதிப்பே விழுந்துவிடும் என்றார். பக்கத்து வீட்டு சத்யா உடனே 'பூங்கா மீட்புக் குழு' என்று வாட்ஸ்அப்பில் ஒன்று தொடங்கினாள். மனு எழுதும் பொறுப்பு செயலாளர் என்ற முறையில் எனக்கு வந்தது. சிமெண்ட் ஆலையில் முப்பது வருஷம் லோடு அனுப்பும் பிரிவில் கடிதம் எழுதியவன் நான், சும்மா விடுவேனா. எழுதி முடித்து வாசித்துப் பார்த்தால் மனு கொஞ்சம் எடை குறைவாகத் தெரிந்தது. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: "மேற்படி பூங்கா நிலத்தை முறைப்படி அளந்து, ஆக்கிரமித்துள்ள அனைவரையும் பாரபட்சமின்றி அகற்ற வேண்டுகிறோம்." கூட்டத்தில் வாசித்தபோது அந்த வரிக்குத்தான் கைதட்டினார்கள். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று நானே கொடுத்துவிட்டு வந்தேன்.

நம்முடைய மனுவை யார் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான் மச்சான். படித்துவிட்டார்கள்.

மூன்றாவது வாரம் சர்வேயர் ஒருவர் இரண்டு உதவியாளர்களோடு வந்து இறங்கினார். சங்கிலியெல்லாம் இப்போது இல்லை, மூன்று கால் உள்ள ஒரு கருவியை நட்டு வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார்கள். நான் மாலை போடாத குறையாக வரவேற்று, வெயிலில் நிற்கிறாரே என்று வீட்டுக்குள் கூட்டிவந்து அடுப்படியில் உட்கார வைத்து மேகலாவை டீ போடச் சொன்னேன். டீ நன்றாயிருக்கிறது என்று பாராட்டினார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், நான் இப்ப டீ குடிச்சதே பூங்காவுலதான்" என்றார்.

அடுப்படி முழுவதும், பின்னால் துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி உட்பட ஆறடி அகலத்துக்குப் பூங்காவில் இருக்கிறதாம். வீடு கட்டும்போது பின்னால் ஆறடி சும்மா கிடந்தது உண்மைதான். எல்லாரும் தள்ளிக் கட்டினார்கள், நானும் தள்ளிக் கட்டினேன். அதை நான் ஒரு நாளும் ஆக்கிரமிப்பு என்று நினைத்ததில்லை, வசதி என்றுதான் நினைத்தேன். புதுமனைப் புகுவிழாவுக்கு வந்தபோது நீங்களே அங்கேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு டம்ளர் பாயசம் குடித்தீர்கள். ஒரு துணைத் தாசில்தார் உட்கார்ந்து பாயசம் குடித்த இடம் எப்படிப் புறம்போக்காக இருக்கும் என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். சர்வேயர் போகும்போது சிவப்புப் பெயிண்டால் அடுப்படிச் சுவரில், மிளகாய்த் தூள் டப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு அம்புக்குறி போட்டுவிட்டுப் போனார். மேகலா அந்த டப்பாவை நகர்த்தி அதை மறைத்து வைத்தாள்.

என் வீடு மட்டுமல்ல, பூங்காவை ஒட்டிய பதினோரு வீடுகளுக்கும் அம்புக்குறி. செல்லதுரை சாருக்குக் கார் ஷெட், சத்யாவுக்கு மாடிப்படி. மாடிப்படியை எடுத்துவிட்டால் மாடியில் குடியிருக்கும் அவள் மாமியார் எப்படி இறங்குவார் என்று அவள் கேட்டதற்கு சர்வேயர் கருவியை மடக்கத் தொடங்கிவிட்டார். அடுத்த வாரம் நோட்டீஸ் வந்தது. ஏழு தார்ப்பாய்க்கும் பதினோரு வீட்டுக்கும் சேர்த்து ஒரே நோட்டீஸ், ஒரே பட்டியல். அதில் வரிசை எண் ஒன்று ஆண்டாயி, எண் இரண்டு மணிமாறன். உங்கள் தங்கையைக் கட்டியவன் பெயர் எந்தப் பட்டியலில் வந்திருக்கிறது பாருங்கள்.

கூட்டம் கூட்டினோம். இந்தத் தடவை ஆளுக்கு ஆள் என்னைத்தான் பார்த்தார்கள். எந்த மடையன் இந்தக் கடைசி வரியை எழுதினது என்று செல்லதுரை சார் கேட்டார். கைதட்டினவர்களில் முதல் ஆள் அவர்தான், அதை நான் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு அதிர்ச்சி. நோட்டீஸ் வந்த மறுநாள் ஆண்டாயி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவள் மேகலாவைப் பார்த்து, "ஜன்னல மொதல்ல கழட்டி வச்சிருங்கம்மா. வண்டி வந்துச்சுன்னா நிக்காது. எங்க வூட்டுக் கதவ நான் கழட்டுறதுக்குள்ள மேல ஏறிடுச்சு" என்றாள். பிறகு கரண்ட் கனெக்‌ஷனை எப்போது எடுக்கச் சொல்ல வேண்டும், என்னென்ன காகிதத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். குத்திக்காட்டிப் பேசவில்லை மச்சான், நிஜமாகவே அக்கறையாகச் சொன்னாள். இடிபடுகிற விஷயத்தில் எங்கள் நகரில் யாருக்கும் அனுபவம் இல்லை, அவளுக்கு இருக்கிறது.

தாலுகா ஆபீஸுக்குப் போய் விசாரித்ததில் தெரிந்த சட்டம் இதுதான். தார்ப்பாய்க் குடும்பங்களுக்கு மாற்று இடம் கொடுக்காமல் பூங்காவுக்குள் ஜேசிபி வரக் கூடாது. கொடுத்து அவர்கள் கிளம்பிவிட்டால் பட்டியலில் மிச்சம் இருப்பதை ஒரே நாளில் எடுத்துவிடுவார்கள். அதாவது அவர்கள் இருக்கும்வரை எங்கள் சுவர் இருக்கும்.

அன்றிலிருந்து செம்பருத்தி நகர் அடைந்திருக்கும் மாற்றத்தை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். செல்லதுரை சார் பூங்காவுக்குப் பைப் இழுத்துத் தண்ணீர் விட்டிருக்கிறார். காலையில் எந்த வீட்டிலிருந்தாவது இட்லி போகிறது. மழை வரும் போலிருக்கிறதே என்று சத்யா புதுத் தார்ப்பாய் வாங்கிக் கொடுத்தாள். வாட்ஸ்அப் குழுவின் பெயரை 'பூங்கா நண்பர்கள்' என்று மாற்றிவிட்டாள். எதற்கு இந்த உபசாரம் என்று அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, நம்மைப் பற்றிப் பேப்பரில் வந்திருக்கிறதா என்று ஒருவர் என்னிடமே கேட்டார்.

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது நேற்று இடி விழுந்தது. அவர்கள் ஏழு பேருக்கும் வீட்டுமனை ஒதுக்கி ஆளுக்கொரு கடிதம் வந்துவிட்டது. வியாழக்கிழமை ஆபீஸுக்கு வந்து சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். வராதவர்களின் மனை அடுத்த ஆளுக்குப் போய்விடும். கையெழுத்துப் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் பூங்காவைக் காலி செய்ய வேண்டும். சனிக்கிழமை ஜேசிபி.

நேற்று நடந்த அவசரக் கூட்டத்தில் இரண்டு தீர்மானம் போட்டோம். முதலாவது, நாளைக் காலை நான் போய் ஆண்டாயியைப் பார்த்து, இந்தக் கடிதத்தை நம்பிப் போய்விடாதே, கையெழுத்துப் போடாதே என்று சொல்வது. அவள் சொன்னால் மற்ற ஆறு குடும்பமும் கேட்கும். இரண்டாவதுதான் உங்களுக்கு நான் வைக்கும் கோரிக்கை. உங்களிடம் கிளார்க்காக இருந்த அசோக் இப்போது மனை ஒதுக்கும் பிரிவில்தான் இருக்கிறாராம். உங்கள் பேச்சைத் தட்ட மாட்டார். அந்த ஒதுக்கீட்டுக் கோப்பை ஏதாவது ஒரு விளக்கம் கேட்டு ஆறு மாதம் ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். மேகலா அந்த அடுப்படியை எப்படிப் பார்த்துப் பார்த்துக் கட்டினாள் என்று உங்களுக்குத் தெரியும். கடப்பாக்கல் மேடைக்காக ஐந்து கடை ஏறி இறங்கினவள். அம்புக்குறியைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறாள், போகமாட்டேன் என்கிறது. உங்கள் தங்கைக்காகவாவது செய்யுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுக்கவும். சிறுவாச்சூர் அம்மன் கோயிலுக்குப் போகும்போது எங்களுக்காகவும் ஒரு அர்ச்சனை செய்யுங்கள், நட்சத்திரம் உங்களுக்கே தெரியும். எல்லாரும் எல்லா நலமும் பெற்று, அவரவர் வீட்டில் அவரவர் இருக்க அம்மன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாறாத மைத்துனன்,
மணிமாறன்,
செயலாளர், செம்பருத்தி நகர் குடியிருப்போர் நலச் சங்கம்.

பின்குறிப்பு: புதன்கிழமை காலை எழுதுவது. அசோக்கிடம் பேச வேண்டாம். மேலே எழுதிய கோரிக்கையை ரத்து செய்துவிடுங்கள்.

இன்று காலை பூங்காவுக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் ஆண்டாயியே அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் மகள் மஞ்சு எட்டாவது படிக்கிறது. அது நேற்றே எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டதாம், ஆனால் ஆபீஸ் தமிழுக்கு அர்த்தம் சொல்லத் தெரியவில்லை. ஏரிக்கரையில் இருந்தபோது மூன்று தடவை இப்படித்தான் இடம் தருகிறோம் என்று கையெழுத்து வாங்கினார்களாம். இதை நம்பி இங்கிருந்து கிளம்பிவிட்டு, அங்கே இடமும் இல்லையென்றால் ஏழு குடும்பமும் தெருவில் நிற்க வேண்டும் என்றாள். நான் சொல்ல வந்ததைப் பாதி அவளே சொல்லிவிட்டாள்.

"நீங்க வாசிச்சுச் சொல்லுங்க சார். எங்களக் காலி பண்ணணும்னு மனு எழுதுனது நீங்கதான்னு தெரியும். நாங்க போனாத் தேவலன்னு நினைக்கிறவரு நீங்களே போவாதன்னு சொன்னா, அதுல ஏதோ கோளாறு இருக்குன்னு நாங்க போவ மாட்டோம்."

ஒரு சொல் சொன்னால் போதும், அடுப்படி பிழைத்துவிடும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து வாசித்தேன். இடத்தின் பெயர், மனை எண், நாலு எல்லை, மூன்று சென்ட், ஆண்டாயி என்று அவள் பெயர், கீழே முத்திரை, கையெழுத்து. நானும் ஆயுசு பூராவும் காகிதம் பார்த்தவன் மச்சான், ஒரு குறையும் இல்லை. மற்ற ஆறு குடும்பமும் சுற்றி வந்து நின்றுவிட்டது.

"இடம் நெசந்தாம்மா. உன் பேருலதான் இருக்கு. நாளைக்குக் காலைல மொத ஆளாப் போயிக் கையெழுத்துப் போட்டுரு" என்று சொன்னேன். சொன்னது நான்தானா என்று எனக்கு இன்னும் அதிர்ச்சியாகவே இருக்கிறது. அவள் கடிதத்தை வாங்கி, தன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். காட்டினேன். அதில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினாள்.

சங்கத்துக்கு ராஜினாமா எழுதிவிட்டேன், அது சின்ன விஷயம். பெரிய விஷயம் என்னவென்றால், வீட்டுக்குத் திரும்பி வந்ததும் மேகலா "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். என்ன சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை. நிம்மதியாக அடுப்படிக்குப் போய், இத்தனை நாளும் எடுத்துக் கட்டி வைத்திருந்த பாத்திரங்களையெல்லாம் திரும்ப அலமாரியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். சத்தம் இங்கே கேட்கிறது.

நீங்கள் உடனே புறப்பட்டு வாருங்கள். அண்ணன் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் நிதானமாகக் கோபப்படுவாள். வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் அந்த அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிடலாம்.