மைக்ராஸ்கோப்பின் காவல் தெய்வம்

ஒரு பொருளைக் கெடாமல் காப்பாற்றச் சிறந்த வழி எது, சொல்லுங்கள் பார்ப்போம்? தெரியாதா? யாரையும் தொடவிடக் கூடாது! இந்த ஞானத்தோடு பிறக்கும் மனித இனத்துக்குப் பத்திரமானந்தர்கள் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இந்த இனத்தின் மாமணி பேராசிரியர் லட்சுமிகாந்தம். கிராமத்துப் பள்ளிகளுக்குக் கருவி கொடுத்து உதவ, இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு பல்கலைக்கழகம் விருதுநகரில் அறிவியல், கணிதக் கல்வி மையம் தொடங்கியது. இவர் இயக்குநரானார். அன்றே அந்த நோக்கம் பத்திரமாகப் பூட்டப்பட்டது.

முதல் ஆண்டு கருவிகள் புதுசு, தர முடியாது. மறு ஆண்டு ஆய்வுக்குழு வருகிறது, தூசி படக்கூடாது. வந்த குழு, "ஒரு கீறல்கூட இல்லையே!" என்று வியந்தது. அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்? அப்புறம் மைக்ராஸ்கோப்புகள் தெர்மாகோலுக்குள் தூங்கி, ஆயுத பூஜைக்கு மட்டும் எழுந்து, உடம்பெல்லாம் சந்தனமும் குங்குமமும் வாங்கி, சூடத்தைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டன. மையத்தின் வரலாறு இவ்வளவுதான். அதற்கும் ஓர் ஆண்டு மலர் அச்சிட்டார்கள்!

ஏழாவது ஆண்டில் தாயில்பட்டி கிராமத்துப் பள்ளி ஆசிரியை பொன்மணி, பிளஸ் டூ மாணவிகளோடு பஸ் ஏறி வந்து நின்றார்.

"சார், திங்கக்கிழம செய்முறைத் தேர்வு. புள்ளைக மைக்ராஸ்கோப்பப் படத்துலதான் பாத்திருக்குதுக. மார்க்கு போச்சுன்னா நேரா பட்டாசு ஆபீஸ்ல மருந்தடைக்கிற வேலதான்."

"தொட்டா கைரேகை விழும்மா."

"லீவுல இதுக வெடிமருந்தத் தொட்டப்ப யாரும் கையப் பத்திக் கவலப்படலயே, சார்?"

லட்சுமிகாந்தம், பெற்ற மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவதுபோல் ஒரு பெட்டியைத் திறந்தார். ஆனால் முதல் பார்வை இயக்குநருக்கே! ஒரு கண்ணை மூடிக் குனிந்தார். புல்லரித்தது.

"ஆகா! செக்கச் செவேல்னு... ரத்த அணு!"

ஆர்த்தி என்ற மாணவி வாயைப் பொத்திக்கொண்டாள். "சார், நாங்க இன்னும் ஒண்ணுமே வைக்கலையே!"

வெளிச்சம் வாங்கும் அடிக்கண்ணாடியில் ஏழு பூஜைக் குங்குமம்! பிள்ளைகள் சிரித்துச் சரிந்தார்கள். பொன்மணி அதை முந்தானையால் துடைத்து, கையோடு கொண்டுவந்த வெங்காயத் தோலை வைத்தார்.

"டீச்சர்! செங்கல் அடுக்குனாப்ல இருக்கு!"

"ஏட்டி, தள்ளு, நான் பாக்கணும்!"

கூச்சலில் கூரை அதிர்ந்தது. பொன்மணி இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டார். "பரீட்ச முடியவும் கொண்டாரேன், சார்."

"உடைஞ்சா?"

"அம்புட்டுப் பேரு பாத்த பெறகு உடைஞ்சா உடையட்டும், சார்."

சிரிக்கிறீர்களா? உங்கள் கூடத்து அலமாரியின் உச்சியில், பிள்ளையின் கைக்கு எட்டாமல் ஓர் உலக உருண்டை இருக்கிறதே, அது யார் செய்த திருப்பணி? எழுந்து போய் அதைக் கீழே இறக்கி வையுங்கள். அந்தச் சின்னக் கைகள் அதை ஆசை தீரச் சுற்றட்டும்.